ஆடு தொடாத செடி

செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்படுவதற்கு முந்தைய மார்கழியில் என் மாணவிகள் இருபது பேரை அங்கே அழைத்துப் போயிருந்தேன். முதுகலைத் தமிழ் படிக்கும் பிள்ளைகள். பாதிப் பேர் சுற்றுவட்டாரத்துக்காரர்கள்தாம் என்றாலும் கோட்டைக்குள் வருவது பலருக்கு அதுவே முதல்முறை. ராஜகிரி அடிவாரத்தில், கல்யாண மகாலுக்குப் போகும் பாதையோரமாக நான்கைந்து பெண்கள் குத்துக்காலிட்டுக் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். மழை விட்டதும் மதிலோரமும் முற்றத்திலும் புல் மண்டிவிடும். அதை எடுக்கும் தினக்கூலி வேலை.

அவர்களில் ஒருவருக்கு அறுபது வயது இருக்கும். தன் முன்னால் இருந்த எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டவர், முறத்தளவு இடத்தில் படர்ந்திருந்த ஒரு செடியை மட்டும் விட்டுவிட்டு நகர்ந்தார். ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன்.

"ஆடுதீண்டாப்பாளைம்மா அது. பேரே அதான். ஆடு வாய வக்காது. இது ஒண்ணுதான் தின்னும், பாரு."

இலையைத் திருப்பிக் காட்டினார். கருஞ்சிவப்பில் ஒரு புழு. உடல் முழுக்கச் சதைமுள் போன்ற சிவந்த முனைகள். பின்னால் நின்ற மாணவிகள் சிலர் "சீ" என்று விலகினார்கள்.

"அது தின்னு முடிக்கட்டும், அப்பறம் புடுங்கிக்கலாம். மேஸ்திரி பாத்தா ஏசுவாரு" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த இடத்துக்கு நகர்ந்தார்.

நாங்களும் நகர்ந்தோம். ராஜா தேசிங்கு எந்தப் பக்கமாகக் குதிரையில் போயிருப்பார் என்று ஒரு மாணவி கேட்டாள். நானும் 1714ஆம் ஆண்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். இரவு வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான், அந்த அம்மாவின் பெயரைக் கேட்கவில்லை என்பது உறைத்தது. ஆர்க்காட்டு நவாபின் பெயர், தேசிங்கின் குதிரையின் பெயர், அவன் நண்பன் பெயர் எல்லாம் எனக்கு மனப்பாடம். கோட்டைக்குள் அன்று எனக்குப் புதிதாக ஒன்றைக் கற்றுத் தந்த ஒரே ஆளின் பெயர் தெரியாது. இந்தக் கட்டுரை அந்த வெட்கத்திலிருந்து தொடங்கியது.

*

அந்தப் புழு, தமிழில் சிவப்புடல் அழகி என்று அழைக்கப்படும் பட்டாம்பூச்சியுடையது. கறுத்த இறக்கை, பின்னிறக்கையில் குங்குமச் சிவப்புப் பொட்டுகள், சிவந்த உடல். ரோஜா அழகி என்ற அதன் பங்காளியும் இதே செடியைத்தான் தின்னும். அதன் புழுவின் நடுவுடலில் மட்டும் ஒரு வெள்ளைப் பட்டை இருக்கும். ஆடுதீண்டாப்பாளையும் அதன் உறவான ஈசுவரமூலிக் கொடியும் இல்லாத இடத்தில் இவ்விரண்டு பட்டாம்பூச்சிகளும் குடும்பம் நடத்த முடியாது. பட்டாம்பூச்சி பல பூக்களில் தேன் குடிக்கும். புழுவுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. எருக்கை நம்பிய வெந்தய வரியன் உண்டு. கறிவேப்பிலை, எலுமிச்சை, வில்வம் என்று ஒரே குடும்பத்துச் செடிகளைச் சுற்றிவரும் அழகிகள் உண்டு.

செடியைத் தேர்வது தாயின் வேலை. முட்டையிட வேண்டிய பட்டாம்பூச்சி ஒவ்வோர் இலையாக இறங்கி முன்கால்களால் தட்டிப் பார்க்கும். சுவை அறியும் நுண்ணுறுப்புகள் அதன் கால்களில் இருக்கின்றன. தவறான செடியில் முட்டையிட்டால், பொரிந்து வரும் குஞ்சு பட்டினி கிடந்து சாகும். வயலோரத்தில் பட்டாம்பூச்சி தாழப் பறந்து இலை இலையாக உட்கார்ந்து எழுவதைக் கண்டால், அது விளையாடுகிறது என்று எண்ணிவிடாதீர்கள்.

புழுவுக்கு உணவாகும் செடியை நம் பாடநூல்களின் கலைச்சொல் 'ஓம்புயிர்' என்ற வகையில் சேர்க்கும். தமிழ் படித்த எனக்கு இந்தச் சொல் இனிக்கவும் செய்கிறது, உறுத்தவும் செய்கிறது. ஓம்புதல் என்றால் பேணுதல். தொல்காப்பியக் கற்பியல், விருந்தைப் பேணுவதையும் சுற்றத்தை ஓம்புவதையும் மனைவியின் மாண்புகளாக வரிசைப்படுத்துகிறது. தன் உடலைத் தின்னக் கொடுக்கும் செடிக்கு அந்த மாண்பையே பெயராக வைத்திருக்கிறோம்.

ஆனால் செடி விரும்பிக் கொடுத்ததா? ஆடுதீண்டாப்பாளையின் இலையைக் கசக்கி முகர்ந்தால் குமட்டும். அரிஸ்டலோக்கிக் அமிலம் என்ற நஞ்சு அதில் இருக்கிறது. ஆட்டையும் மாட்டையும் பெரும்பாலான பூச்சிகளையும் விரட்டுவதற்கு அந்தச் செடி கண்ட வழி அது. சிவப்புடல் அழகியின் வம்சம் அந்த நஞ்சைத் தாங்கப் பழகியது. அதோடு நிற்காமல் நஞ்சைத் தன் உடலில் சேர்த்துவைத்து, தன்னைக் கொத்த வரும் பறவைகளுக்கு எதிரான கவசமாகவும் ஆக்கிக்கொண்டது. பால் எர்லிக், பீட்டர் ராவன் என்ற இரு அறிஞர்கள் 1964இல் பட்டாம்பூச்சிகளையும் செடிகளையும் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்த இழுபறியைத்தான் விளக்குகிறது. செடி ஒரு நஞ்சைக் கண்டுபிடிக்கும், புழு அதை மீறும், செடி இன்னொன்றைத் தேடும். பல லட்சம் ஆண்டுகளாக நடக்கும் மறுப்பு இது. அதற்கு நாம் விருந்தோம்பல் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

ஊட்டியவளைப் பற்றி எழுதும்போது வரலாறு செய்யும் பிழையும் இதுதான் என்று நினைக்கிறேன். பெரும்பாலும் அவளை எழுதுவதே இல்லை. எழுதினாலும், அவள் மனமுவந்து ஊட்டியதாகவே எழுதும்.

*

பெயர்களிலிருந்தே இதைப் பார்க்கலாம். உயிர்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்திய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ், 1758இல் பெரிய பட்டாம்பூச்சிகளைக் குதிரைவீரர்கள் என்ற பிரிவில் வைத்தார். அவற்றை ட்ராய்க்காரர், கிரேக்கர் என்று இரண்டு படைகளாகப் பிரித்தார். மார்பில் இரத்தச் சிவப்புப் புள்ளி கொண்ட கறுத்த பட்டாம்பூச்சிகள் ட்ராய்ப் படை. செஞ்சியில் அந்த அம்மா விட்டுவைத்த புழுவுக்கு அவர் சூட்டிய பெயர் ஹெக்டர். ட்ராய்க் கோட்டையைக் காத்து மடிந்த இளவரசன்.

அதன் பங்காளியான ரோஜா அழகிக்குப் பெயர் வைத்தவர் லின்னேயஸின் மாணவர் ஃபப்ரீசியஸ். 1775இல் அவர் அதற்கு 'அரிஸ்டலோக்கியே' என்று பெயரிட்டார். அது தின்னும் செடியின் பெயர். ஒரே செடியில் வளரும் இரண்டு உயிர்களில் ஒன்று மாவீரன் பெயரோடும் மற்றொன்று ஊட்டிய செடியின் பெயரோடும் வாழ்கின்றன. அரிஸ்டலோக்கியா என்பதற்குக் கிரேக்கத்தில் 'நற்பிறப்பு', அதாவது சுகப்பிரசவம் என்று பொருள். பிள்ளைப்பேற்றின்போது இக்குடும்பத்துச் செடிகளைப் பழங்கால ஐரோப்பாவில் பயன்படுத்தினார்கள். நம் ஊரிலும் மாதவிலக்குச் சிக்கலுக்கும் பிரசவத்துக்கும் இச்செடிகளைக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. இதே அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயை உண்டாக்கும் என்று இன்றைய மருத்துவம் உறுதிசெய்திருக்கிறது. ஆகவே பாட்டி வைத்தியம் என்று இதைத் தேடிப் போகாதீர்கள்.

கொல்லைப்புறத்துக் கறிவேப்பிலை அழகியின் கதை இன்னும் வேடிக்கையானது. அதில் பெண்களுக்கு மூன்று உருவங்கள். ஒன்று ஆணைப் போலவே இருக்கும். ஒன்று ரோஜா அழகியைப் போல வேடமிடும். இன்னொன்று சிவப்புடல் அழகியைப் போல வேடமிடும். நஞ்சில்லாத தன்னை நஞ்சுள்ளவளாகக் காட்டிப் பறவையை ஏமாற்றும் உத்தி இது. இந்த வேடம் பெண்ணுக்கு மட்டுமே. தொடக்ககால அறிஞர்கள் இவற்றைத் தனித்தனி இனங்கள் என்று நம்பி ரோமுலஸ், சைரஸ் என்று அரசர்களின் பெயர்களைச் சூட்டினார்கள். எல்லாம் ஒரே இனத்தின் பெண்கள் என்பதை 1865இல் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் எடுத்துக்காட்டினார். பிள்ளைக்காக உயிரைக் காத்து நடமாடிய பெண்கள் அதுவரை ஏடுகளில் மன்னர்களாக இருந்தார்கள்.

நாமும் சளைத்தவர்கள் இல்லை. 2019இல் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்டதன் பெயர் தமிழ் மறவன். தமிழில் பட்டாம்பூச்சிகளுக்குப் பெயரிட்டவர்கள் மறவன், வரியன் என்று சிலவற்றை ஆணாக்கினார்கள். வாலுள்ள பெரிய வகையில் பலவற்றை அழகி ஆக்கினார்கள். ஆண் என்றால் வீரம், பெண் என்றால் அழகு. எனினும் அவர்களுக்கு நன்றி சொல்லவும் ஓர் இடம் உண்டு. எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற பெயர்களில் ஊட்டிய செடியும் கூடவே வருகிறது.

*

புழுவையும் அது தின்னும் செடியையும் ஒரே தாளில் சேர்த்து வரைய வேண்டும் என்று தீர்மானித்து, அதையே வாழ்நாள் வேலையாகச் செய்தவர் ஒரு பெண். மரியா சிபில்லா மெரியன். 1647இல் ஜெர்மனியின் ஃபிராங்க்பர்ட் நகரில் பிறந்தவர். பதின்மூன்று வயதில் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கினார். புழுக்கள் சேற்றிலும் அழுகலிலும் தாமாகவே தோன்றுகின்றன என்று படித்தவர்களிலேயே பலர் நம்பிய காலம் அது. மெரியன் புழுக்களைப் பெட்டிகளில் வைத்து, எந்தப் புழு எந்த இலையைத் தின்னும், எதைத் தின்னாமல் சாகும், எத்தனை நாளில் கூடு கட்டும் என்று பார்த்து எழுதினார். 1679இல் அவருடைய புழு நூலின் முதல் தொகுதி வந்தது. புழுக்களின் வியத்தகு உருமாற்றமும் அவற்றின் விசித்திரமான மலருணவும் என்பது தலைப்பின் பொருள். உணவு என்ற சொல் தலைப்பிலேயே இருப்பதைக் கவனியுங்கள். சமையலும் பிள்ளை வளர்ப்பும் பார்த்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே செய்த ஆய்வு. யார் எதைத் தின்கிறார்கள் என்ற கேள்வி அவருக்கு முதலில் தோன்றியதில் எனக்கு வியப்பில்லை.

அந்த ஆண்டுகளில் செஞ்சியில் என்ன நடந்தது என்று பார்த்தேன். 1677இல் சிவாஜி கோட்டையைப் பிடிக்கிறார். இரண்டாண்டு கழித்து மெரியனின் புழு நூல் வருகிறது. 1690இல் சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சிக்குள் இருக்க, முகலாயத் தளபதி சுல்பிகர் கான் முற்றுகையைத் தொடங்குகிறார். அடுத்த ஆண்டு, கணவரைப் பிரிந்த மெரியன் தன் இரண்டு மகள்களோடு ஆம்ஸ்டர்டாமில் குடியேறுகிறார். எட்டாண்டு இழுத்த முற்றுகை 1698இல் முடிகிறது. 1699இல், ஐம்பத்திரண்டு வயதில், ஓவியங்களை விற்றுப் பணம் சேர்த்து, உயில் எழுதி வைத்துவிட்டு, இளைய மகள் டொரோத்தியாவோடு தென் அமெரிக்காவின் டச்சுக் குடியேற்றமான சுரினாமுக்குக் கப்பல் ஏறுகிறார் மெரியன். நோக்கம் புழு பார்ப்பது. காய்ச்சலில் உடல் நலிந்து 1701இல் திரும்பியவர், 1705இல் அறுபது ஓவியத் தகடுகள் கொண்ட சுரினாம் நூலை வெளியிட்டார். 1717இல் இறந்தார். செஞ்சியைப் பற்றிய நூல்களில் இந்த நாற்பது ஆண்டுகளுக்கு எத்தனையோ பக்கங்கள். மதில், அகழி, பீரங்கி, முற்றுகை. அதே நாற்பது ஆண்டுகள் ஒரு பெண்ணுக்கு இலை, முட்டை, புழு, கூடு என்று கழிந்திருக்கின்றன.

இரண்டு உலகங்களும் தொடர்பற்றவை என்றும் சொல்ல முடியாது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செஞ்சி நாயக்கரின் அனுமதி பெற்றுத்தான் டச்சுக்காரர்கள் கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினத்தில் வணிகம் தொடங்கினார்கள். நம் கரையின் துணி ஏறிய கப்பல்கள் போய்ச் சேர்ந்த நகரம் ஆம்ஸ்டர்டாம். அங்கிருந்துதான் மெரியன் கப்பல் ஏறினார்.

*

சுரினாம் நூலின் நாற்பத்தைந்தாம் தகட்டில் இருக்கும் செடியை உங்களுக்குத் தெரியும். மயில்கொன்றை. பள்ளிக்கூட வேலியோரம், பேருந்து நிலையத்துப் பூங்கா, கோயில் நந்தவனம் எங்கும் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்துக்கிடக்கும். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்ததாகக் கருதப்படும் செடி. நம் ஊரில் இதன் இலையைச் சின்னஞ்சிறு மஞ்சள் பட்டாம்பூச்சிகளின் பச்சைப் புழுக்கள் தின்னும்.

மெரியன் அந்தச் செடியையும் அதன்மேல் ஒரு புழுவையும் வரைந்தார். பக்கத்தில் எழுதிய குறிப்பில் பூச்சியை விட்டு விலகி வேறொன்றைச் சொன்னார். டச்சு எசமானர்களிடம் கொடுமைப்படும் அடிமைப் பெண்கள் இதன் விதையைத் தின்று கருவைக் கலைக்கிறார்கள், தங்களைப் போலவே தங்கள் பிள்ளைகளும் அடிமைகளாகக் கூடாது என்பதற்காக. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களில் சிலர், இறந்தால் சொந்த நாட்டில் சுதந்திரமாகப் பிறப்போம் என்று நம்பி உயிரையே விடுகிறார்கள். இதை அவர்களே தன்னிடம் சொன்னதாகவும் எழுதினார்.

அடிமை முறையில் எசமானின் சொத்து பெருகும் வழிகளில் ஒன்று அவளுடைய கருப்பை. அந்தச் சொத்துக்கு ஊட்ட மாட்டேன் என்று அவள் மறுத்திருக்கிறாள். வரலாற்றாசிரியர் லோண்டா ஷீபிங்கர் 2004இல் வெளிவந்த தன் நூலில் இதை விரிவாக ஆராய்ந்தார். மயில்கொன்றை கடல் கடந்து ஐரோப்பியத் தோட்டங்களுக்கு வந்தது. அதைப் பற்றிப் பெண்கள் அறிந்திருந்தது மட்டும் கூட வரவில்லை. அழகுச்செடியாக மட்டுமே பரவியது. நம்மிடமும் அப்படித்தான். மலையாளக் கரையின் தாவரங்களைத் தொகுத்து 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த ஹோர்த்துஸ் மலபாரிக்கூஸ் நூலிலும் இந்தச் செடி உண்டு. அந்த நூலுக்கு உதவிய மருத்துவர் இட்டி அச்சுதன் பெயரும் மூன்று பண்டிதர்களின் பெயர்களும் பதிவாகியிருக்கின்றன. பெண் ஒருத்தியின் பெயரும் இல்லை.

மெரியனையும் நான் கேள்வி கேட்க வேண்டும். காட்டில் அவருக்கு வழி வெட்டியவர்கள் அடிமைகள். புழுக்களையும் கிழங்குகளையும் தேடிக் கொண்டுவந்து கொடுத்தவர்களும் அவர்களே. திரும்பும்போது தொல்குடிப் பெண் ஒருத்தியைத் தன்னோடு ஆம்ஸ்டர்டாமுக்கு அழைத்து வந்தார். சுரினாம் நூலை எழுதும்போது அந்தப் பெண் சொன்ன செய்திகள் உதவியிருக்க வேண்டும். அவளுடைய பெயரை மெரியன் எழுதவில்லை. செடிக்குப் பெயர் உண்டு, புழுவுக்கு விளக்கம் உண்டு, அவள் வெறும் 'இந்தியப் பெண்'.

இதைப் படித்தபோது எனக்கு இரண்டு பேர் நினைவுக்கு வந்தார்கள். ஒருவர், ஆடுதீண்டாப்பாளையை விட்டுவைத்த அம்மா. இன்னொருவர், தேசிங்கின் மனைவி. 1714இல் தேசிங்கு போரில் மடிந்ததும் செட்டிக்குளக் கரையில் அவன் சிதையோடு எரிந்துபோன பெண். அவள் நினைவாகவே நவாப் ராணிப்பேட்டைக்குப் பெயர் வைத்தார் என்பார்கள். ராணி பாய் என்று எழுதுகிறோம். ராணி என்பது பதவி. பாய் என்பது மரியாதைச் சொல். அவளைப் பெற்றவள் அவளை என்ன சொல்லிக் கூப்பிட்டாள்? தேசிங்குக்குப் பாட்டு இருக்கிறது, கூத்து இருக்கிறது, திரைப்படம் இருக்கிறது. அவளுக்கு ஓர் ஊர் இருக்கிறது, பெயர் இல்லை. அவள் விரும்பித்தான் ஏறினாள் என்ற கதை மட்டும் தவறாமல் இருக்கிறது.

*

சுரினாமில் நடந்ததைப் படித்து நெகிழ்வது எளிது. அதே கதை என் வீட்டிலும் உண்டு.

செஞ்சிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. வேலியோரத்து எருக்கிலையில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளோடு ஊரும் வெந்தய வரியன் புழுவைச் சின்ன வயதில் எடுத்து விளையாடுவேன். வரியன் இனத்துப் புழுக்களில் சில, பால் கசியும் இலையைத் தின்னும் முன் அதன் நரம்பைக் கடித்துப் பாலை வடியவிடும் என்று பிற்பாடுதான் படித்தேன். கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், மாணவிகளுக்குக் காட்டுவதற்காக அந்தப் புழுவோடு ஓர் எருக்கங்கொப்பை உடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனேன். ஆயா திண்ணையில் இருந்தார்.

"அத வெளிய போடு. ஊட்டுக்குள்ள எடுத்தாராத."

"பால் கண்ணுல படாம பாத்துக்கறேன், ஆயா."

"கண்ணு கெடக்குது. உன் சின்னாயாவ கொண்டுனு போனது அதாண்டி."

சின்னாயா, ஆயாவின் தங்கை. வயிற்றுவலியில் செத்துப்போனார் என்றுதான் நாற்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் பேச்சு. நான்கு பிள்ளைக்குப் பிறகு ஐந்தாவது தங்கியது. வீட்டில் கஞ்சிக்கே வழியில்லை. யாரோ ஒரு கிழவி எருக்கங்குச்சியோடு வந்தாள். மூன்று நாள் காய்ச்சலில் முடிந்துவிட்டது. 1960களின் நடுவில் நடந்தது. இந்தியாவில் மருத்துவர் மூலம் கருக்கலைப்புச் செய்துகொள்ள வழிவிட்ட சட்டம் வந்தது 1971இல்.

ஆயா இதைச் சொன்னபோது அழவில்லை. "அவ வேணாம்னு சொன்னா. சொன்னத யாரு கேட்டா?" என்றார். எதை வேண்டாம் என்றார், குச்சியையா, பிள்ளையையா, அதற்கு முந்தைய இரவுகளையா என்று நான் கேட்கவில்லை. மூன்றும் ஒன்றுதானே.

எருக்கம்பாலுக்கு இதைவிடக் கொடிய வரலாறும் நம் மாநிலத்தில் உண்டு. 1980களின் நடுவில் உசிலம்பட்டிப் பகுதிப் பெண்சிசுக் கொலைகள் நாடெங்கும் செய்தியானபோது, பிறந்த பெண்குழந்தைக்கு எருக்கம்பால் புகட்டுவது பற்றியும் எழுதினார்கள். 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது இந்தப் பின்னணியில்தான். வரியன் புழு குடித்து வளரும் பால் அது. ஒரே செடி. சுரினாமில் பெண்கள் தாங்களே தேர்ந்த மறுப்பு, என் சின்னாயாவிடம் வேறு வழியற்ற மறுப்பாக இருந்தது. பெண்குழந்தைக்குப் புகட்டிய பாலில் மறுக்கப்பட்டதே பெண்தான். பெண்களின் மூலிகை அறிவு என்று நாம் பெருமையாகப் பேசும்போது இந்த மூன்றையும் சேர்த்தே பேச வேண்டும். அந்த அறிவு எந்த நெருக்கடியில் விளைந்தது, யாருக்காகச் செலவானது, எத்தனை பேரைக் கொன்றது என்று கேட்காமல் அதை வெறும் பெருமையாக்கினால், செடியின் நஞ்சுக்கு விருந்தோம்பல் என்று பெயர் வைத்த அதே பிழையைத்தான் செய்வோம்.

*

என் முனைவர் பட்ட ஆய்வு புறத்திணை மலர்களைப் பற்றியது. ஆநிரை கவர்ந்தால் வெட்சி, மீட்டால் கரந்தை, மதிலை முற்றுகையிட்டால் உழிஞை, மதிலைக் காத்தால் நொச்சி. தமிழில் போருக்கே செடியின் பெயர்தான். அதில் எனக்குப் பெருமை. நானூறு பக்கம் எழுதினேன். அந்தப் பூவைப் பறித்தவர் யார், தொடுத்தவர் யார் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. நொச்சி இலையை வெந்நீரில் போட்டு ஆவி பிடிக்க வைத்த அம்மாவின் கை என் ஆய்வேட்டுக்குள் வரவே இல்லை. தொல்காப்பிய மரபியல் உயிர்களின் இளமைக்குப் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று ஒன்பது பெயர்களைப் பட்டியலிடுகிறது. அந்தப் பட்டியலில் புழு இல்லை. இல்லை என்பதே எனக்கு இத்தனை காலம் தெரியவில்லை.

இப்போது கோட்டைக்குப் போனால் நான் முதலில் மாணவிகளை நிறுத்துவது நெற்களஞ்சியத்தின் முன்னால். பெரிய கட்டடம், தடித்த சுவர்கள். முற்றுகை என்றால் பீரங்கிச் சத்தம் என்று கதைகள் நம்மைப் பழக்கியிருக்கின்றன. உள்ளே இருப்பவர்களின் சோறு எத்தனை நாளைக்கு வரும் என்பதுதான் முற்றுகையின் அடிப்படைக் கணக்கு. எட்டாண்டு முற்றுகையில் இந்த நெல்லை நட்டது யார், குத்தியது யார், உலையேற்றியது யார்? வெளியே சூழ்ந்து கிடந்த படைக்கு எந்த ஊர்களின் குதிர்கள் காலியாயின? கோட்டையும் ஒரு புழுதான். அது தின்று வளர்ந்த செடி சுற்றியிருந்த ஊர்கள். அந்த ஊர்கள் எப்போதெல்லாம் மறுத்தன, எங்கே நெல்லை ஒளித்தன, யார் ஊரைவிட்டு ஓடினார்கள் என்று தேடுவது இனி வரும் பிள்ளைகளின் ஆய்வாக இருக்கட்டும். ஒரு மாணவி அதில் இறங்கியிருக்கிறாள்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியர்களின் படைத்தள நிலப்பரப்பு என்ற தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி மட்டும் அதில் இடம்பெற்றது. மகிழ்ச்சிதான். மதிலைக் காக்க வேண்டுமானால் வேர் பிளக்கும் செடிகளை அகற்றத்தான் வேண்டும், அதையும் மறுக்கவில்லை. படர்ந்து கிடக்கும் ஆடுதீண்டாப்பாளை எந்த மதிலையும் பிளக்காது. எதை எடுக்கலாம், எதை விடலாம் என்பது களை எடுக்கும் பெண்களுக்குத் தெரியும். அவர்களிடம் யாராவது கேட்க வேண்டும்.

நான் கேட்கப் போனேன், அடுத்த தை மாதத்தில். அதே பாதை. அந்த அம்மா வேறொரு பக்கம் வேலை செய்துகொண்டிருந்தார். அடையாளம் கண்டுகொண்டார். "புழு ஓடிப்போச்சும்மா. கூடு கட்டிட்டு பறந்துடுச்சி போல" என்றார். செடியை எடுத்துவிட்டாரா என்று பார்த்தேன். தூரில் தளிர் விட்டிருந்தது. வேரோடு பிடுங்கவில்லை, கிள்ளித்தான் எடுத்திருந்தார்.

பெயர் கேட்டேன். சொன்னார். இதைப் பற்றி எழுதப் போகிறேன், உங்கள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"போடாதம்மா. செடிய உட்டேன்னு தெரிஞ்சா வேலைய நிறுத்திடுவாங்க. நீ கேட்ட இல்ல, அது போதும்."

ஆகவே இந்தக் கட்டுரையில் அவர் பெயர் இல்லை. எனக்குத் தெரியும்.